பிள்ளை பேச வரும் நேரம்

பிள்ளையிடமிருந்து போனை எப்படிப் பிடுங்குவது என்று புலம்பாத பெற்றோர் இன்று இல்லை. பள்ளி வாசலில், அபார்ட்மென்ட் லிஃப்டில், கல்யாண வீட்டில், நாலு பேர் கூடினால் இதே பேச்சு. “எந்நேரமும் அதையே பார்த்துக்கிட்டு இருக்கான், கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டேங்கிறான்.” கோபித்துக்கொள்ளாமல் ஒன்று சொல்லுங்கள். அந்தப் போனை முதன்முதலில் அவன் முன்னால் வைத்தது யார்? பெரும்பாலான வீடுகளில் நாம்தான். எப்போது வைத்தோம்? சோறூட்டும்போது.

ஒன்றரை வயதுக் குழந்தை. தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த போனில் கார்ட்டூன் பாட்டு ஓடுகிறது. குழந்தையின் வாய் தானாகத் திறந்திருக்கிறது. பருப்புச் சாதத்தை உருட்டி உள்ளே வைக்கிறோம். மெல்லுகிறதா, அப்படியே விழுங்குகிறதா, அதற்கே தெரியாது. நடுவில் விளம்பரம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், அழுகை ஆரம்பிக்கும். சோறு படாத இடது கையால் அவசர அவசரமாக விளம்பரத்தைத் தள்ளிவிட்டு அடுத்த வாய் ஊட்டுகிறோம். கிண்ணம் காலியானதும் “சமர்த்தா சாப்பிட்டுட்டான்” என்று நிம்மதி. உள்ளே போனது கேரட்டா, பூசணியா என்று குழந்தை பார்க்கவே இல்லை. பசி எப்போது அடங்கியது என்றும் அதற்குத் தெரியவில்லை. போதும் என்று வயிறு சொல்வதைக் கவனிக்கப் பழக வேண்டிய வயது அது.

“அந்தக் காலத்தில் நிலாவைக் காட்டி ஊட்டினார்கள், நாங்கள் போனைக் காட்டுகிறோம், அவ்வளவுதானே வித்தியாசம்” என்று கேட்பவர்கள் உண்டு. அவ்வளவுதானா? நிலா பேசாது. அதனால் பாட்டிதான் பேசியாக வேண்டும். குழந்தை விரல் நீட்டும், பாட்டி அந்த விரலைத் தொடர்ந்து பார்ப்பாள், “அங்க பாரு, மேகத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு” என்பாள், குழந்தை “ம்ம்?” என்று கேட்கும், அதற்கு இன்னொரு பதில் வரும். காக்காய்க்கும் ஒரு வாய், நாய்க்குட்டிக்கும் ஒரு வாய். ஒரு கிண்ணச் சோறு தீருவதற்குள் நூறு பேச்சு நடந்திருக்கும். போன் முன்னால் உட்கார்ந்த குழந்தையிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, அதன் பதிலுக்காக யாரும் காத்திருப்பதும் இல்லை.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. சொந்தக்காரர்களோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவதை மட்டும் விலக்கியிருக்கிறார்கள். அந்த விலக்கைக் கவனியுங்கள். துபாயிலிருக்கும் அப்பா திரையில் வந்தால் பிள்ளை கேட்பதற்குப் பதில் சொல்கிறார்.

இதுவரை பிள்ளையின் போனைப் பற்றி. நம் போனுக்கு வருவோம்.

எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். அம்மா கைக்குழந்தையோடு கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு சொல்லிவைத்தபடி சில நிமிடங்கள் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் உட்காருகிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கை நீட்டுகிறது, கத்துகிறது. எதற்கும் அம்மாவின் முகம் அசையாதபோது வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது. அவ்வளவு சின்ன உயிருக்கே அது தாங்கவில்லை. ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கும்போது நம் முகம் எப்படி இருக்கிறது என்று வீட்டில் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

2014இல் வெளியான ஓர் ஆய்வும் உண்டு. பாஸ்டன் பகுதி துரித உணவகங்களில் பிள்ளைகளோடு சாப்பிட வந்த 55 பெரியவர்களைத் தள்ளி உட்கார்ந்து கவனித்தார்கள். 40 பேர் சாப்பாட்டுக்கு நடுவே போனை எடுத்தார்கள். அதிலேயே மூழ்கிப்போனவர்களில் சிலர், பிள்ளைகள் கவனத்தை இழுக்கச் சேட்டை செய்தபோது எரிந்து விழுந்தார்கள். இதைப் பார்க்க பாஸ்டன் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இரவு நம் ஊர் பரோட்டாக் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

எனக்கு உண்மையில் பயமாக இருப்பது வளர்ந்த பிள்ளைகளை நினைத்துத்தான். அவர்கள் முக்கியமானதை முதலில் சொல்வதில்லை. எட்டாம் வகுப்புப் பெண் சாப்பிட உட்காருகிறாள். குழம்புச் சாதம் பிசையும்போது, “இன்னைக்கு பி.டி. பீரியடே இல்லப்பா” என்கிறாள். ரசத்துக்கு வரும்போது, “சயின்ஸ் மிஸ் லீவு.” கேட்பவருக்கு இரண்டுமே ஒன்றுமில்லாத செய்திகள். மோர் ஊற்றும்போது தட்டைப் பார்த்தபடியே சொல்வாள்: “வேன்ல அந்த அண்ணன் பக்கத்துல உட்காரப் பிடிக்கலப்பா.” முதல் இரண்டும் வெள்ளோட்டம். அப்பா கேட்கிற மனநிலையில் இருக்கிறாரா என்று அவள் ஆழம் பார்த்தாள். அந்த இரண்டுக்கும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் “ம்” கொட்டியிருந்தால் மூன்றாவது வந்திருக்காது. “என்னம்மா சொன்னே?” என்று பிறகு கேட்டால் “ஒண்ணுமில்லப்பா” என்று எழுந்து போய்விடுவாள். நாமும் ஒன்றுமில்லை என்றே நம்பிவிடுவோம்.

பதினைந்து வயதில் கதவைச் சாத்திக்கொள்கிறான், எதையும் சொல்வதில்லை என்று கவுன்சிலரைத் தேடி ஓடுகிறோம். எட்டு வயதில் அவன் சொல்ல வந்தபோது நாம் எங்கே இருந்தோம்?

ஸ்போக்கன் இங்கிலீஷ், அபாகஸ் என்று ஆயிரக்கணக்கில் கட்டுகிறோம். ஹார்வர்டில் கேத்தரின் ஸ்னோவும் அவரோடு பணியாற்றியவர்களும் எளிய குடும்பங்களின் சாப்பாட்டு நேரப் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத புதிய சொற்கள், கதை படித்துக் காட்டும் நேரத்தைவிடச் சாப்பாட்டுப் பேச்சில்தான் அதிகம் வந்தன. ரேஷன் கடை வரிசை, வாடகை, தாத்தாவின் மூட்டுவலி என்று பெரியவர்கள் பேசுவதைக் காதில் வாங்கித்தான் பிள்ளைகள் உலகத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். இதற்கு ஃபீஸ் கிடையாது.

டிவி முன்னால் தட்டோடு உட்கார்ந்து வளர்ந்த தலைமுறைதானே நாம் என்று கேட்கலாம். 1993இல் சன் டிவி வந்தது, 2006க்குப் பிறகு இலவச வண்ணத் தொலைக்காட்சி குடிசைக்கும் போனது. சாப்பாட்டுப் பேச்சை அதுவும் தின்றதுதான். ஆனால் வீட்டுக்கு ஒரு டிவிதான் இருந்தது. ரிமோட்டுக்குச் சண்டை போட்டோம், சீரியல் மாமியாரை அம்மாவும் அத்தையும் சேர்ந்து திட்டினார்கள், விக்கெட் விழுந்தால் எல்லோரும் ஒன்றாகக் கத்தினோம். இப்போது நாலு பேர், நாலு போன், காதில் ஹெட்செட். ஒருவர் சிரித்தால் எதற்குச் சிரித்தார் என்று மற்ற மூவருக்கும் தெரியாது.

உங்கள் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. ஒரகடத்தில் ஷிஃப்ட் முடித்து வருகிறவர் வீடு சேரப் பதினொன்றாகும். திருப்பூரில் ஓவர்டைம் இருந்தால் சாப்பாட்டு நேரமென்று ஒன்றே கிடையாது. வீட்டுப்பாடமே வாட்ஸ்அப் குரூப்பில் இரவு எட்டு மணிக்குத்தான் வருகிறது. மூன்று வேளையும் சேர்ந்து சாப்பிடச் சொல்லவில்லை. ஒரு வேளை, இருபது நிமிடம். காலை இட்லியாக இருந்தாலும் சரி. அந்த நேரத்தில் போன்கள் எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும், பெரியவர்களுடையது முதலில். அவசர அழைப்பு வந்தால் எழுந்து போய்ப் பேசிவிட்டு வாருங்கள், பிள்ளைகளுக்கு அது புரியும். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே இல்லாமல் இருப்பதுதான் அவர்களுக்குப் புரிவதில்லை. கைக்குழந்தை சில நாள் அடம்பிடிக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் பிஸ்கட்டை நிறுத்துங்கள், பசிக்கட்டும், தன் கையால் சிந்திச் சிதறிச் சாப்பிடட்டும்.

தோசை இரவுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மா கல்லின் முன்னால் நிற்பாள், ஒவ்வொருவராக வந்து இரண்டிரண்டாகத் தின்றுவிட்டு எழுந்து போவார்கள். கடைசியில் ஆறிப்போன சட்னியோடு அவள் தனியாக உட்காருவாள், துணைக்கு அவளுடைய போன். அவள் கையில் போன் இருக்கிறதே என்று குறை சொல்லும் உரிமை அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. கடைசித் தோசைகளை அப்பா ஊற்றட்டும், இல்லை மகன் ஊற்றட்டும். பிய்ந்துபோனாலும் பரவாயில்லை. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எல்லோரும் அங்கேயே இருங்கள்.

முதல் சில நாள் பேச ஒன்றும் இருக்காது. அதற்காகப் பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். உங்கள் ஆபீஸில் நடந்ததைச் சொல்லுங்கள், பஸ்ஸில் பார்த்த சண்டையைச் சொல்லுங்கள். “டெஸ்ட்ல எவ்வளவு?” என்பதை மட்டும் எல்லோரும் கை கழுவிய பிறகு கேளுங்கள்.