பழைய பென்ஸில் யார் கை வைப்பது?

புதிதாக 60 லட்சம் ரூபாய்க்கு விற்ற ஒரு ஜெர்மன் செடான், எட்டு வயதில் 15 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்துக்கு இன்று ஒரு சுமாரான புது எஸ்யூவி வாங்கலாம். பக்கத்தில் பென்ஸோ பிஎம்டபிள்யூவோ நின்றால் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாங்குகிறவர் கணக்கில் விட்டுவிடுவது ஒன்றுதான்: காரின் விலை இறங்கியதே தவிர, அதன் பிரேக் டிஸ்க்கின் விலை இறங்கவில்லை. சர்வீஸ் சென்டரில் பில் போடுகிற கம்ப்யூட்டருக்கு அது என்றைக்கும் 60 லட்ச ரூபாய் வண்டிதான். முதல் உரிமையாளருக்கு இது பெரிய தலைவலியாக இருப்பதில்லை. வாரண்டி இருக்கும், பலரும் சர்வீஸ் பேக்கேஜும் சேர்த்தே வாங்கியிருப்பார்கள். இரண்டாவது, மூன்றாவது உரிமையாளருக்குத்தான் ‘எங்கே விடுவது’ என்ற கேள்வி முழு எடையோடு வந்து நிற்கிறது.

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. கம்பெனி சர்வீஸைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்பது ஒன்று. கம்பெனியில் கண்ணாடிச் சுவருக்கும் காபிக்கும் சேர்த்துப் பணம் பிடுங்குகிறார்கள், வெளியில் பாதியில் முடித்துவிடலாம் என்பது மற்றொன்று. இரண்டு பேருமே கட்டடத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் என் குறை. எந்த வேலை, காருக்கு என்ன வயது, அந்த வேலையைச் செய்ய என்ன கருவியும் என்ன தகவலும் வேண்டும், அவை யாரிடம் இருக்கின்றன என்று கேட்டால் ஒரே காருக்கு இரண்டு மூன்று இடங்கள் சரியாக இருக்கலாம். வேலையைப் பிரித்துக் கொடுப்பதே அறிவுடைமை. நாம் இருதய மருத்துவரிடம் பல் பிடுங்கிக்கொள்வதில்லை.

கம்பெனிக் கட்சியின் பெரிய பலம் ‘ஒரிஜினல் பார்ட்ஸ்’ என்ற நம்பிக்கை. அந்த ஒரிஜினலை யார் செய்கிறார்கள் என்று கொஞ்சம் பார்ப்போம். சென்னை அருகே, சிங்கப்பெருமாள் கோவிலை அடுத்த மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் பிஎம்டபிள்யூ கார்களைப் பூட்டுகிறது. 2015இல் உள்ளூர்ப் பங்கை 50 சதவீதம் வரை உயர்த்தியதாக அந்த நிறுவனம் அறிவித்தபோது வெளியிட்ட சப்ளையர் பட்டியல் சுவையானது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஃபோர்ஸ் மோட்டார்ஸ், அச்சுகள் இசட்எஃப் ஹீரோ, ஏசியும் கூலிங்கும் வேலியோ, மாலே பேர், சீட் லியர், புகைக்குழாய் டென்னெகோ. நம் ஊர்க் குடும்பங்களைக் குலதெய்வக் கோவிலுக்கு அள்ளிச் செல்லும் டிராவலர் வேனைச் செய்வதும் இதே ஃபோர்ஸ் மோட்டார்ஸ்தான். இதில் கேவலம் ஒன்றும் இல்லை. உலகெங்கும் கார்த் தொழில் இப்படித்தான் நடக்கிறது. ஆயில் ஃபில்டரை மானோ மாலேயோ செய்யும், இன்ஜெக்டரை பாஷ் செய்யும், சஸ்பென்ஷன் ஆர்மை லெம்ஃபோர்டர் செய்யும். கார் நிறுவனத்தின் பெட்டியில் போட்டால் அதற்கு ஒரு விலை, செய்தவரின் சொந்தப் பெட்டியில் வந்தால் வேறு விலை. தேய்மானப் பொருட்கள் பலவற்றில் பெட்டிக்கு உள்ளே இருப்பது ஒன்றேதான்.

அப்படியானால் அந்தப் பெட்டி கடையில் தாராளமாகக் கிடைக்க வேண்டுமே என்று கேட்டால், அங்கேதான் இந்தியாவில் ஒரு நீண்ட வழக்கு குறுக்கே வருகிறது. ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன், ஃபியட் மீது 2011இல் ஒரு தனிநபர் கொடுத்த புகார், இந்தியப் போட்டி ஆணையத்தின் விசாரணையில் விரிந்துகொண்டே போனது. 2014 ஆகஸ்டில் ஆணையம் பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் பென்ஸ், ஸ்கோடா, மாருதி, டாடா உட்பட 14 நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பாகம் செய்து கொடுக்கும் சப்ளையர்கள் அதை நேரடியாகச் சந்தையில் விற்கவிடாமல் ஒப்பந்தங்கள் தடுத்தன. பழுது கண்டறியும் கருவிகளும் கையேடுகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவில்லை. ஒரு காரை வாங்கியவர் அதன் பாகத்துக்கு அதே நிறுவனத்தை விட்டால் போக்கிடம் இல்லாத நிலையில், அந்த நிறுவனம் அதற்குள் ஏகபோகமாகிவிடுகிறது. ஆணையம் கண்டது இதுதான். 2016இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், தன் முன் வந்த நிறுவனங்களின் அபராதத் தொகையைக் குறைத்தது. தவறு நடந்தது என்ற முடிவை மாற்றவில்லை. வழக்கு அதற்கு மேலும் ஏறியது. சட்டப் போராட்டம் எப்படி முடிந்தாலும், ‘எங்களிடம் மட்டும்தான் கிடைக்கும்’ என்ற நிலை தரத்தினால் மட்டும் வந்ததல்ல என்பதற்கு ஆணையத்தின் உத்தரவை விடப் பெரிய சாட்சி வேண்டாம்.

ஆணையத்தின் அதே 2014 உத்தரவில் வாரண்டியைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. அதைப் பலர் அறியவில்லை. வெளியில் வேலைக்குக் கொடுத்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் பொது நிபந்தனை கூடாது என்றது ஆணையம். வெளி வேலையின் குறையால் சேதம் வந்திருந்தால், அந்தச் சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் வாரண்டிச் சட்டத்திலிருந்தே கொள்கை ஏறக்குறைய இதுதான். தங்கள் டீலரிடம் தங்கள் பாகத்தைத்தான் போட வேண்டும் என்று தன் ‘மினி’ பிராண்டு கார் வாடிக்கையாளர்களிடம் சொன்னதற்காக, 2015இல் அங்குள்ள வர்த்தக ஆணையம் பிஎம்டபிள்யூவின் அமெரிக்க நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. இவ்வளவு சொன்ன பிறகும், வாரண்டி ஓடும் இரண்டு மூன்று ஆண்டுகள் கம்பெனி சர்வீஸிலேயே விடுங்கள் என்றுதான் சொல்வேன். சட்டம் உங்கள் பக்கம் இருப்பது வேறு, கியர்பாக்ஸ் போன காரை யார்டில் நிறுத்திவிட்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்கு நடப்பது வேறு. இன்னொன்றும் உண்டு. வாரண்டி முடிந்து சில மாதங்களில் பெரிய பாகம் ஒன்று போனால், நல்லெண்ண அடிப்படையில் செலவில் ஒரு பங்கை நிறுவனங்கள் ஏற்பதுண்டு. அது உரிமையல்ல, சலுகை. தொடர்ந்து அவர்களிடமே வந்த காருக்குத்தான் அந்தக் கை நீளும். பணம் கட்டி நீட்டித்த வாரண்டி தனி ஒப்பந்தம். அதன் பொடி எழுத்தைப் படித்துவிட்டே வெளியே போக வேண்டும்.

வாரண்டி முடிந்த பிறகு கதை மாறுகிறது. இங்கே கம்பெனிக் கட்சி, ‘தயாரித்தவனுக்குத் தெரியாததா’ என்று கேட்கும். தயாரித்தவருக்குத் தெரியும். ஆனால் அவர் போடுகிற பராமரிப்பு அட்டவணை யாரை மனத்தில் வைத்துப் போட்டது என்பதைப் பார்க்க வேண்டும். பல பிஎம்டபிள்யூ கார்களில் இருக்கும் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியைச் செய்வது ஜெர்மனியின் இசட்எஃப். அதன் ஆயில் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாதது என்பது பிஎம்டபிள்யூவின் நிலை. பெட்டியைச் செய்த இசட்எஃப் சொல்வதோ, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அதிகபட்சம் எட்டு ஆண்டுக்குள் மாற்றுங்கள் என்று. இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் உரிமையாளரின் பராமரிப்புச் செலவு குறைவாகத் தெரிவது கார் விற்பவருக்கு முக்கியம். பத்தாவது ஆண்டில் அந்த கியர்பாக்ஸ் என்ன ஆகிறது என்பது பெரும்பாலும் வேறொருவர் கவலை. அட்டவணையை வரிக்கு வரி பின்பற்றும் கம்பெனி சர்வீஸில் இந்த ஆயிலைப் பற்றி யாரும் பேச்செடுக்காமல் இருக்கலாம். பிஎம்டபிள்யூவை மட்டுமே பத்துப் பதினைந்து ஆண்டாகப் பார்க்கும் ஒரு வெளி மெக்கானிக், கியர் மாறும்போது வரும் சின்ன உதறலை உணர்ந்தே இதைத்தான் முதலில் சொல்வார்.

அட்டவணையில் இல்லை என்று தேவையானதைச் சொல்லாமல் விடுவது ஒரு பக்கம், தேவையில்லாததைத் திணிப்பது மறுபக்கம். புதுக் கார் விற்பனையில் டீலருக்குக் கிடைக்கும் லாபம் ஒல்லியானது. சர்வீஸும் பார்ட்ஸும்தான் ஷோரூமைத் தாங்குகின்றன. ஆகவே சர்வீஸ் அட்வைசருக்கு மாத இலக்கு இருக்கும். எஞ்சின் ஃபிளஷ், ஏசி டிஸ்இன்ஃபெக்ஷன், இன்ஜெக்டர் கிளீனர், கோட்டிங் என்று எஸ்டிமேட்டின் கீழ்ப்பாதியில் வரிசையாக வருபவற்றைக் காரின் கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கையேட்டில் இல்லாததை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அட்வைசர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்கும் தெரியும்.

இப்போது வெளி ஒர்க்‌ஷாப்புக்கு எதிரான ஆட்சேபங்களில் கனமானதை எடுத்துக்கொள்வோம். இன்றைய சொகுசுக் கார் ஸ்பேனரால் மட்டும் ஆகிற காரியம் இல்லை என்பது அது. முழுக்க ஒப்புக்கொள்கிறேன். பிஎம்டபிள்யூவில் பேட்டரியை மாற்றினால் போதாது, புதியது போட்டிருக்கிறது என்று காருக்குப் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் நொந்துபோன பழைய பேட்டரிக்குக் கொடுத்த சார்ஜையே புதியதற்கும் கொடுத்து அதன் ஆயுளைக் குறைக்கும். எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள காரில் பின்சக்கர பிரேக் பேடு மாற்றும் முன் ஸ்கேனரால் மோட்டாரைப் பின்வாங்கச் சொல்ல வேண்டும். கிளாம்ப் வைத்து அமுக்கினால் பேடு மாற்றப் போய் மோட்டார் மாற்றிவிட்டு வர வேண்டியதாகும். மேலே சொன்ன கியர்பாக்ஸ் ஆயிலுக்குக்கூட ஒரு முறை உண்டு: கார் சமமாக நிற்க, எஞ்சின் ஓட, ஆயிலின் சூடு 30க்கும் 50 டிகிரிக்கும் நடுவில் இருக்கும்போதுதான் மட்டம் பார்க்க வேண்டும். சாலையோரம் சாய்வாக நிறுத்திச் செய்வதல்ல. இந்த ஆட்சேபம் எல்லா மெக்கானிக்கையும் தள்ளிவிடுவதில்லை. எல்லா பிராண்டும் பார்க்கிறேன் என்பவரையும் ஒரே பிராண்டைப் பார்ப்பவரையும் பிரித்துக் காட்டுகிறது. அந்தப் பிராண்டுக்கு உரிய ஸ்கேனரும் கார் தூக்கும் லிஃப்ட்டும் இல்லாத இடத்துக்குப் பஞ்சர் வேலைக்கு மேல் எதையும் கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் சர்வரோடு இணைந்தால் மட்டுமே முடிகிற வேலைகளும் உண்டு: புது கண்ட்ரோல் யூனிட்டைக் காருக்குப் பழக்குவது, சாஃப்ட்வேர் புதுப்பிப்பது போன்றவை. காரின் வருஷம் புதிதாகப் புதிதாக அந்தப் பட்டியல் நீள்கிறது. அவற்றுக்குக் கம்பெனிக்கே போக வேண்டும்; அதில் கௌரவம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

வெளி ஒர்க்‌ஷாப்பை எடைபோட ஆயிலே போதும். என்ன ஆயில் ஊற்றுவீர்கள் என்று கேளுங்கள். ‘ஃபுல் சிந்தெடிக், ஃபைவ் தர்ட்டி’ என்பதோடு பதில் முடிந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். டீசல் புகையை வடிகட்டும் டிபிஎஃப் உள்ள காருக்குச் சாம்பல் குறைவான ஆயில் வேண்டும். அதைக் காட்டும் அங்கீகார எண் டப்பாவின் பின்பக்கம் இருக்கும். பிஎம்டபிள்யூவுக்கு லாங்லைஃப்-04, பென்ஸுக்கு எம்பி 229.51 அல்லது 229.52, ஃபோக்ஸ்வேகன் குடும்பத்துக்கு 507 00 என்று காரின் கையேட்டுக்கு ஏற்ப எண் மாறும். தடிமன் ஒன்றாக இருந்தும் எண் தவறினால் ஒரு மாதத்தில் எதுவும் தெரியாது; சில ஆண்டுகளில் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், அதன் விலையில் பல வருஷ ஆயில் மாற்றிவிடலாம். எண்ணைத் தயங்காமல் சொல்கிறவர் மற்றவற்றையும் படித்திருப்பார். சென்னை போன்ற கடலோர ஊரில் பிரேக் ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்று அவராகவே கேட்டால் இன்னும் நல்லது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஜெர்மன் நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன, கார் ஓடினாலும் நின்றாலும்.

டூப்ளிகேட் பயம் நியாயமானது. சென்னையின் பாகச் சந்தைகளான புதுப்பேட்டையிலும் ஜி.பி. சாலையிலும் நேர்மையான வியாபாரிகள் நிறைய இருக்கிறார்கள். அச்சு அசலான போலிப் பெட்டிகளும் சந்தையில் உலவுகின்றன. இதற்குத் தீர்வு கட்டடத்தில் இல்லை, பில்லில் இருக்கிறது. பாக எண்ணும் செய்தவர் பெயரும் போட்ட ஜிஎஸ்டி பில், உடைத்த பெட்டி, கழற்றிய பழைய பாகம் மூன்றையும் கையில் வாங்குங்கள். இதைக் கொடுக்கத் தயங்குகிற இடத்தில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது குறைவல்ல. அதே பில்கள்தான் மறுவிற்பனை குறித்த ஆட்சேபத்துக்கும் பதில். முழு கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டு உள்ள காருக்குக் கூடுதல் விலை கிடைப்பது உண்மை. காரை மூன்று நான்கு வயதில் விற்கப் போகிறவருக்கு அது லாபமான கணக்குதான், அவர் கம்பெனியிலேயே தொடரட்டும். பத்து வயதுக் காரை வாங்க வருபவர் முத்திரையைவிட, கியர்பாக்ஸ் ஆயில் எந்தக் கிலோமீட்டரில் மாறியது, கூலன்ட் பம்ப் எப்போது புதியது என்பதைத்தான் தேடுவார், தேட வேண்டும்.

இவ்வளவு விலைக் கார் வைத்திருப்பவர் சர்வீஸில் ஏன் கணக்குப் பார்க்க வேண்டும் என்ற கேலியை நான் பொருட்படுத்துவதில்லை. கணக்குப் பார்க்காதவர்கள் செலவுக்கு அஞ்சி சர்வீஸைத் தள்ளிப்போடுவதுதான் நடக்கிறது. நியாயமான விலைக்கு உரிய நேரத்தில் நடக்கிற வெளி சர்வீஸ், எஸ்டிமேட்டைப் பார்த்து ஒத்திப்போட்ட கம்பெனி சர்வீஸைவிடக் காருக்கு நல்லது.

வெளியிலேயே பழகிப்போனவர்கள் மறந்துவிடுகிற விஷயம் ரீகால். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் விவகாரத்தில், வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடிக்கும் இன்ஃப்ளேட்டர்களை மாற்ற, பல நாடுகளில் பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ்கள் உட்படக் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்கச் சொல்லும் அதிகாரத்தை அரசுக்குத் தந்திருக்கிறது. ரீகால் வேலை இலவசம். கம்பெனி சர்வீஸில் மட்டுமே நடக்கும். ஆனால் நிறுவனத்தின் பதிவில் இருப்பது பெரும்பாலும் முதல் உரிமையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும்தான், அழைப்பு அவருக்கே போகும். ஆகவே செகண்ட்ஹேண்டில் வாங்கியவர், எந்த மெக்கானிக்கிடம் காரை விட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறை சேஸிஸ் எண்ணைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து, பாக்கி ரீகால் ஏதும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தன் பெயரையும் எண்ணையும் அப்போதே பதிந்துவிட்டு வரலாம்.