இவ்வளவு வயலின் வகுப்பு, எழுத ஒரு ஆள் இல்லையா?

2025 மார்ச் 8 லண்டனில் ரோயல் பில்ஹார்மொனிக் இசைக்குழு இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்த நேரம் எங்கட பேஸ்புக் முழுக்க அதுதான். சந்தோசப்பட வேண்டிய விசயம், நாங்களும் சந்தோசப்பட்டோம். ஆனால் கண்ட இடமெல்லாம் 'பிறவி மேதை' எண்டு எழுதினதுதான் உறுத்தியது. மேதை எண்டு சொல்லிவிட்டால் கதை முடிஞ்சுது. யாரிடம் படிச்சார், எழுதினதை யார் திருத்தினார்கள், யார் வாசித்தார்கள் என்று ஒருவரும் கேட்கத் தேவையில்லை. அவரோ சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்தைய இசையை முறையாகக் கற்றவர். ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, அதுக்குப் பிறகுதான் 1976இல் 'அன்னக்கிளி'க்கு வந்தார்.

இந்தக் கேள்விகளுக்கு எங்கட நாட்டுக்குள்ளேயே ஒரு பதில் இருக்கு. வயலின் கலைஞரும் இசையமைப்பாளருமான எல். சுப்பிரமணியம் சின்ன வயதில் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். அப்பா வி. லட்சுமிநாராயணா அங்கே இசை கற்பித்தவர். கர்நாடகக் கச்சேரியில் பக்கவாத்தியமாக இருந்த வயலின் தனியே மேடையேற வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அம்மா சீதாலட்சுமி பாடுவார், வீணை வாசிப்பார். அண்ணன் வைத்தியநாதன், தம்பி சங்கர், இவர் என மூன்று பேருக்கும் வயலின். 1958 கலவரத்தோடு அந்தக் குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது.

அதுக்குப் பிறகு நடந்ததை எங்கட பெற்றோர் விரும்பிக் கேட்பார்கள். சுப்பிரமணியம் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் முடித்தவர். 'பார், டொக்டராகிவிட்டுத்தானே மியூசிக் செய்தார்' என்று சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் அவரை இசையமைப்பாளர் ஆக்கினது அந்தப் பட்டம் இல்லை. மேடையில் பேர் எடுத்த பிறகும் அமெரிக்காவுக்குப் போய், கலிபோர்னியா இன்ஸ்டிடியூட் ஒஃப் த ஆர்ட்ஸில் திரும்ப மாணவனாக உட்கார்ந்து மேற்கத்தைய இசையில் முதுகலை படித்தார். 1985இல் சுபின் மேத்தாவின் தலைமையில் நியூயோர்க் பில்ஹார்மொனிக் அவருடைய 'ஃபேன்டசி ஒன் வேதிக் சான்ட்ஸ்' படைப்பை வாசித்தது.

இதில் நாங்கள் பார்க்கிறது மூன்று விசயம். வீட்டுக்குள்ளேயே ஒரு குரு. சேர்ந்து வாசிக்க ஆட்கள். பிறகு, எழுதினதைத் திருத்தவும் வாசிக்கவும் ஒரு இடம். திறமை அவருடையது. மற்ற மூன்றும் சூழல் கொடுத்தது.

இப்ப கொழும்புக்கு வருவோம். ஹெவ்லொக் டவுனில் இருந்து வெள்ளவத்தைப் பக்கம் இறங்கினால் ஒழுங்கைக்கு ஒழுங்கை சங்கீத வகுப்பு, வயலின் வகுப்பு, கீபோர்ட் வகுப்பு. சனி ஞாயிறில் வயலின் பெட்டியோடு பிள்ளைகள் திரியாத வீதி இல்லை. ஆனால் எல்லாம் ஓடுறது பரீட்சையை நோக்கி. கர்நாடகம் என்றால் அடுத்த தரம், மேற்கத்தையம் என்றால் அடுத்த கிரேட். கொடுத்த பாட்டைப் பிழையில்லாமல் வாசித்தால் போதும். ஓஎல் வந்ததும் பெட்டி அலுமாரிக்கு மேலே. சேர்டிபிகேட் சுவரில். அந்தப் பத்து வருசத்தில் 'நீயா எட்டு ஆவர்த்தனம் எழுதிக்கொண்டு வா' என்று அந்தப் பிள்ளையிடம் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

'முதலில் மரபை ஒழுங்காகப் படிக்கட்டும், பிறகு எழுதலாம்' என்பார்கள். மரபு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தியாகராஜரையும் தீட்சிதரையும் நாங்கள் இண்டைக்குப் பாடுகிறோம் என்றால், அவர்கள் தங்கட காலத்தில் புதுசாக எழுதினதாலதான். கவிதை எழுதுகிற பிள்ளையிடம் சங்க இலக்கியம் முழுவதையும் முடித்துவிட்டு வா என்று ஒருவரும் சொல்வதில்லை. தமிழ்த்தினப் போட்டியில் பத்தாம் வகுப்புப் பிள்ளை கவிதை ஆக்கத்துக்கும் சிறுகதை ஆக்கத்துக்கும் பேனையைத் தூக்குது. சுமாராக எழுதினாலும் கை தட்டுகிறோம். 'ஆக்கம்' என்ற அந்தச் சொல்லை இசைக்குக் கொடுக்க மட்டும் ஏன் இவ்வளவு தயக்கம்?

பெரிய காசு கேட்கிற வேலையும் இல்லை இது. ஒரு அரங்கேற்றத்துக்கு மண்டபம், பட்டுப்புடவை, சாப்பாடு என்று செலவழிக்கிற குடும்பம், அதே மேடையில் பத்து நிமிசத்தை இளம் ஒருவர் எழுதிய புது உருப்படிக்குக் கொடுக்கலாம். பாடசாலை இசை விழாவில் ஒரு புதுப் படைப்பு கட்டாயம் என்று பொறுப்பாசிரியர் சொல்லலாம். கர்நாடக வயலின் படிக்கிற பிள்ளையும் பக்கத்து ஒழுங்கையில் மேற்கத்தைய வயலின் படிக்கிற பிள்ளையும் மாதத்தில் ஒருநாள் ஒன்றாக உட்காரலாம். கொழும்பில் ஒரு சிம்பொனி ஓர்க்கெஸ்ட்ராவும் இருக்கு. அது தொடங்கினதும் 1958இல்தான், லட்சுமிநாராயணா குடும்பம் நாட்டை விட்டுப் போன அதே வருசம். அதன் கச்சேரிகளுக்கு எங்கட பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போறதுக்கு எந்தக் கிரேட்டும் தேவையில்லை.

1958 எங்களிடம் இருந்து எதை எடுத்தது என்று கணக்குப் பார்க்கும்போது வீடுகளையும் உயிர்களையும் எண்ணுகிறோம், எண்ணத்தான் வேண்டும். மூன்று பிள்ளைகள் ஒன்றாக வயலின் வாசித்த அந்த வீடும் அந்தக் கணக்கில் சேரும். அதைக் கலைத்தது கலவரம். இண்டைக்கு வெள்ளவத்தையில் அப்படி ஒரு வீடு உருவாகாமல் போனால் அதுக்குக் கலவரத்தைக் காட்ட ஏலாது. அடுத்த பரீட்சைத் திகதியைத்தான் காட்ட வேண்டி வரும்.