வௌவாலை விடுங்கோ, பாட்டைக் கேளுங்கோ

2025 யூலை 22இல் ஒஸி ஒஸ்போர்ன் 76 வயதில் இறந்தார். வந்த அஞ்சலிகளில் கனக்க அந்த வௌவாலில்தான் தொடங்கின. 1982இல் மேடைக்கு எறியப்பட்ட வௌவாலின்ர தலையை அவர் கடித்த கதை. பிறகு வழமையான பட்டம்: சாத்தானின் பாடகன்.

பள்ளிக்கூட காலத்திலயிருந்து அவரைக் கேட்கிற எனக்கு இது சரியான கோபம். 15 வயதில் படிப்பை விட்டு, இறைச்சிக்கூடத்தில வேலை செய்த பேர்மிங்ஹாம் பொடியன் அவர். பிளக் சபத்தின் கிற்றார்காரர் டொனி ஐயோமிக்கு தொழிற்சாலை மெஷினில இரண்டு விரல் நுனிகள் போயின. பிளாஸ்டிக் தொப்பி மாட்டித்தான் வாசித்தார். பிறகு கம்பிகளையும் தளர்த்தினார். அந்தக் கனத்த சத்தம் பிறந்த இடம் தொழிற்சாலை. நரகமில்லை.

1970இல் வந்த 'வோர் பிக்ஸ்' யாரைத் திட்டுது? யுத்தத்தைத் தொடக்கிப்போட்டு ஏழைப் பிள்ளையளைச் சாக அனுப்புற ஆக்களை. வரிகள் பெரும்பாலும் கீஸர் பட்லருடையவை, குரல் ஒஸியுடையது. யுத்தத்துக்குள்ள வளர்ந்த எங்களுக்கு அதை ஆரும் விளக்கத் தேவையில்லை. அதைச் சாத்தான் பாட்டு எண்டு சொல்லுறவை ஒருக்காலும் முழுசாக் கேட்டிருக்க மாட்டினம்.

அவர் புனிதரில்லை. குடியாலும் போதையாலும் 1979இல் இசைக்குழுவே அவரை வெளியே அனுப்பியது. ஆனால் சாக 17 நாளுக்கு முதல், பார்க்கின்சன் நோயோட, எழும்ப ஏலாமல், வளர்ந்த அஸ்ரனிலேயே கதிரையில் இருந்து பாடினார். அஞ்சலி எழுதுறதெண்டால் அங்கயிருந்து தொடங்குங்கோ.