ஓட்டு ஊரில், சாக்கடை இங்கே!



தேர்தல் முடிவு வந்தால் நம் தெருக்களில் இரண்டே கேள்விகள்தான் கேட்கப்படுகின்றன. யார் ஜெயித்தார்? யாருக்கு மாலை? மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதைக் கேட்பவர் குறைவு. ஜெயித்தவருக்கும் நம் தெருவுக்கும் என்ன உறவு என்பதே அந்தக் கேள்வி. சட்டமன்றத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் நடக்கும் தேர்தல்களை விட, நம் வீட்டு வாசலுக்கு மிக அருகில் வந்து நிற்கும் மாநகராட்சித் தேர்தலில்தான் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். அதில்தான் நாம் மிக அலட்சியமாக இருந்து வருகிறோம்.

பழைய கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்ப்போம்.

நூறு இடமும் நாற்காலியும்

2007இல் பழைய பெங்களூர் மாநகராட்சியோடு சுற்றுவட்டார நகரசபைகளையும் கிராமங்களையும் சேர்த்து 'பெரு பெங்களூர் மாநகராட்சி' உண்டாக்கினார்கள். அதற்கு முன்பே, 2006 நவம்பரிலேயே, பழைய மாமன்றத்தின் ஆயுள் முடிந்துவிட்டது. புதிய மாமன்றத்துக்கு வாக்குப்பதிவு நடந்த நாள் 2010 மார்ச் 28. இடையில் மூன்றாண்டுகளுக்கு மேல் அதிகாரிகளின் ஆட்சி. அந்தத் தேர்தலில் மொத்தம் 198 வட்டங்களில் பாரதிய ஜனதா 111, காங்கிரஸ் 65, மதச்சார்பற்ற ஜனதா தளம் 15, சுயேச்சைகள் 7 என்று முடிவு வந்தது.

அடுத்த தேர்தல் 2015 ஆகஸ்ட் 22இல் நடந்தது. பாரதிய ஜனதாவுக்கு 100, காங்கிரசுக்கு 76, ஜனதா தளத்துக்கு 14, சுயேச்சைகளுக்கும் பிறருக்கும் 8 இடங்கள். 198இல் 100 என்றால் பெரும்பான்மை. மாலை வாங்கியாயிற்று, வெடி வெடித்தாயிற்று. ஆனால் செப்டம்பரில் மேயர் நாற்காலியில் அமர்ந்தவர் காங்கிரசின் பி.என். மஞ்சுநாத ரெட்டி. எப்படி? மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கவுன்சிலர்களுக்கு மட்டும் இல்லை. நகரத்தின் எம்.எல்.ஏ.க்கள், எம்.பி.க்கள், மேல்சபை உறுப்பினர்கள் ஆகியோருக்கும் அதில் வாக்கு உண்டு. 198 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 260 வாக்குகள். ஜனதா தளமும் சுயேச்சைகளும் கை கொடுக்க, 131க்கு 128 என்ற கணக்கில் முடிவு மாறியது.

இதில் யார் வந்தது நல்லது, யார் வந்தது கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல நாம் இதை எழுதவில்லை. எந்தக் கட்சியும் நமக்குத் தாய்வீடு அல்ல. கவனிக்க வேண்டியது வேறு. அந்தச் சபையில் கட்சிச் சார்பற்ற ஒரு சில உறுப்பினர்களின் கை உயர்ந்தால் ஆட்சியே மாறும் என்ற நிலை இருந்தது. அத்தகைய சபையில் ஏழை மக்கள் வாழும் நான்கைந்து வட்டங்கள் ஒன்றாக நின்று, "எங்கள் தெருவுக்கு இதைச் செய்தால்தான் எங்கள் உறுப்பினரின் கை உயரும்" என்று சொல்லியிருந்தால், அந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை இருந்திருக்கும்! சொல்வதற்கு நாம் திரளவில்லை. 2010இல் இந்நகரில் வாக்களித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 44 பேர். 2015இல் சுமார் 49 பேர். பாதி நகரம் வீட்டிலேயே இருந்தது.

உறுப்பினர் இல்லாத ஐந்தாண்டுகள்

2015இல் வந்த மாமன்றத்தின் ஆயுள் 2020 செப்டம்பர் 10இல் முடிந்தது. அதன் கடைசி மேயர் எம். கௌதம் குமார், நம் அல்சூரை அடுத்த ஜோகுபாளையத்தின் கவுன்சிலர். அவர் இறங்கிய பின் அந்த நாற்காலி காலியாயிற்று.

ஒரு நகரசபையின் ஆயுள் ஐந்தாண்டு. அது முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும். இது 1993 ஜூன் முதல் அரசியல் சட்டத்தில் எழுதப்பட்ட கட்டளை. 2006இல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்தமாகச் சொன்னது. நடந்தது என்ன? 2020 டிசம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் ஆறு வாரத்தில் தேர்தலை அறிவிக்கச் சொன்னது. அந்த மாதமே சுப்ரீம் கோர்ட்டில் தடை வந்தது. வட்டங்கள் 198 போதாது, 243 வேண்டும் என்று ஒரு சட்டம். 243 வேண்டாம், 225 போதும் என்று 2023இல் இன்னொரு ஆணை. பிறகு ஒரே மாநகராட்சி வேண்டாம், ஐந்து வேண்டும் என்று 2024ஆம் ஆண்டின் பெரு பெங்களூரு நிர்வாகச் சட்டம். 2025 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என ஐந்து மாநகராட்சிகள் பிறந்தன. பிறந்த அன்று ஐந்திலும் சேர்ந்து மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.

எல்லை திருத்துவோர் திருத்திக்கொண்டே இருந்தார்கள். இதில் ஒரு கட்சியை மட்டும் குறை கூறுவதற்கில்லை. 2020க்கும் 2025க்கும் இடையில் விதான சௌதாவில் ஆட்சி மாறியது, தாமதம் மாறவில்லை. தனக்குக் கீழே இன்னொரு பிரதிநிதி வளர்வதை எந்த எம்.எல்.ஏ.தான் விரும்புவார்? கவுன்சிலர் இல்லாவிட்டால் விளக்குக் கம்பத்துக்குக்கூட அவரிடம்தானே நாம் கை கட்டி நிற்க வேண்டும்!

இந்த ஐந்தாண்டுகளில் நடந்தவற்றை நினைத்துப் பாருங்கள். 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாவின் இரண்டாம் அலை. ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்தோம், சுடுகாட்டு வாசலில் காத்திருந்தோம். 2022 செப்டம்பரில் வெள்ளம் வந்தது. பணக்காரர் குடியிருப்பில் டிராக்டர் ஓடியதை உலகமே படம் பிடித்தது. தாழ்ந்த பகுதிக் குடிசைகளில் பாயும் அரிசியும் நனைந்ததைப் படம் பிடிக்க யார் வந்தார்? அந்த நாட்களில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டி எழுப்ப நம் வட்டத்துக்கென்று ஒரு ஆள் இல்லை. அதிகாரியின் கதவு தட்டுவதற்குரிய கதவு அல்ல. அவர் நம் ஓட்டால் வந்தவரும் அல்ல, நம் ஓட்டால் போகிறவரும் அல்ல.

கவுன்சிலர் இருந்தால் போதுமா?

போதாது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2013 ஜனவரியில் ஈஜிபுராவில் மாநகராட்சி நிலத்தில் வாழ்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களை இயந்திரம் வைத்து அப்புறப்படுத்தினார்கள். குளிர்காலத்தில் பெண்களும் பிள்ளைகளும் சாலையோரத்தில் கிடந்தார்கள். அப்போது மாமன்றம் இருந்தது. 198 உறுப்பினர்களும் இருந்தார்கள். இருந்தும் இடித்தார்கள்.

ஆகவே உறுப்பினர் இருப்பது வேறு, உறுப்பினர் நமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருப்பது வேறு. தேர்தலுக்கு முந்தின இரவு சேலையும் குக்கரும் கொடுத்து ஓட்டு வாங்கியவர் தம் கணக்கு அன்றே தீர்ந்ததென்று எண்ணுகிறார். வாங்கியவரும் அப்படியே எண்ணுவதால் வாய் திறக்க முடியவில்லை. "நானும் தமிழன்தான்" என்று சொல்லிக்கொண்டு நம் தெருவின் ஓட்டை மொத்தமாக விலை பேசும் தரகரும் நம்மிடையே உண்டு. மொழி உறவை மூலதனமாக்கி நடத்தும் வியாபாரம் அது. வேட்பாளர் தமிழ் பேசுகிறாரா என்பதை விட, மாதம் ஒருமுறை நம் தெருவுக்கு வந்து பதில் பேசுவாரா என்பதே நம் கேள்வியாக இருக்கட்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லுவோம். இது கன்னடருக்கு எதிரான அணி அல்ல. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரியின் பெயரால் தீ வைத்தவர்கள் இந்நகரின் உழைப்பாளி மக்கள் அல்லர். ஒரே சாக்கடை ஓரத்தில் கன்னடரும் தமிழரும் தெலுங்கரும் உருது பேசுவோரும் சேர்ந்தே வாழ்கிறோம். நாற்றத்துக்கு மொழி கிடையாது. கோரிக்கை மனுவைக் கன்னடத்தில் எழுதக் கற்போம். நம் பிள்ளைகள் கன்னடத்தையும் தமிழையும் சேர்த்தே படிக்கட்டும்.

ஓட்டு எங்கே இருக்க வேண்டும்?

இனி நம் வீட்டுச் செய்தி. தமிழ்நாட்டில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் நடந்தது. கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேர் வாக்களித்தார்கள். அத்தகைய நாட்களில் ஜோலார்பேட்டைப் பக்கம் போகும் வண்டிகளில் குழந்தையும் மூட்டையுமாக நம்மவர்கள் ஏறுவதை ரயில்வேயில் வேலை செய்யும் எவரும் அறிவர். ஒரு நாள் கூலியை இழந்து, பங்காளிக்கும் மாமனுக்கும் ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்புகிறோம். ஊரில் ஒரு ஓட்டின் விலை நமக்குத் தெரிகிறது. ஒரே ஓட்டில் வார்டு மெம்பர் பதவி போன கதைகளை நாம் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் வருடத்தில் 350 நாள் வாழும் ஊரில் நமக்கு ஓட்டே இல்லை! நம் குப்பை இங்கே, நம் குழாய் இங்கே, பிள்ளையின் பள்ளிக்கூடம் இங்கே, ஓட்டு மட்டும் ஊரில்.

இந்த நிலை இனி நீடிக்கவும் போவதில்லை. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19இல் வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றில் 66 லட்சத்துக்கு மேற்பட்டவை குடிபெயர்ந்தவர்கள், முகவரியில் காணப்படாதவர்கள் என்று நீக்கப்பட்டவை. அங்கே பெயர் போய், இங்கே சேர்க்காமலும் இருந்தால் நாம் எந்த நாட்டுப் பிரஜை? இரண்டு இடத்தில் பெயர் வைத்திருக்கவும் சட்டம் இடம் தராது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கே வழக்கமாக வசிக்கிறோமோ அங்கே என்பதே சட்டத்தின் அளவுகோல்.

இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே முறையாகக் குடியேறி வாழும் இந்தியர், அந்நாட்டுக் குடியுரிமை பெறாமலே, காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் தாம் வசிக்கும் மாவட்ட மன்றத்துக்கு ஓட்டுப் போடலாம். கடல் தாண்டிப் போனவருக்கே குடியிருக்கும் ஊரில் குரல் உண்டு என்றால், ஓசூரைத் தாண்டி வந்த நாம் ஏன் ஊமையாக இருக்க வேண்டும்?

ஊர்ப்பற்று குறையும் என்று பெரியவர்கள் வருந்த வேண்டாம். ஊரில் தங்கிவிட்ட தாய் தந்தையரின் ஓட்டு ஊரிலேயே இருக்கட்டும். ஊரிலும் இதே நோய்தான். அந்த 27 மாவட்ட ஊராட்சிகளின் ஆயுள் 2025 ஜனவரி 5இல் முடிந்தபோது, தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களிடம் ஒப்படைத்தார்கள். கேட்பார் இல்லாத இடத்தில் எந்த அரசும் இப்படித்தான் செய்யும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, பட்டியல். மாநகராட்சி வாக்காளர் பட்டியல் சட்டமன்றப் பட்டியலை அடியாகக் கொண்டது. அதில் பெயர் இல்லாதவருக்கு வட்டத்திலும் பெயர் இல்லை. பதினெட்டு நிரம்பிய புதியவர்களுக்குப் படிவம் 6. ஊர்ப் பட்டியலிலிருந்து இங்கே மாறுவோருக்குப் படிவம் 8. வீட்டு வாடகை ஒப்பந்தம் இல்லையென்று அஞ்சி ஒதுங்காதீர்கள். வேறு என்ன சான்று ஏற்கப்படும் என்பதைச் சாவடி அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, எல்லை. ஐந்து மாநகராட்சிகளுக்கும் சேர்த்து 369 வட்டங்கள் வகுத்தார்கள். 2011 கணக்குப்படி நகரின் 84 லட்சம் மக்களை வகுத்தால் வட்டத்துக்குச் சராசரி 23 ஆயிரம் பேர். முன்பு இது 42 ஆயிரத்துக்கு மேல். வட்டம் சிறுத்தால் ஒரு குடிசைப் பகுதியின் எடை கூடுகிறது. சில நூறு ஓட்டு முடிவை மாற்றும். ஆனால் அதே பகுதியை நடுவில் கோடு போட்டு இரண்டாக்கினால் இரண்டு வட்டத்திலும் நாம் சிறுபான்மை. உங்கள் தெரு எந்த வட்டத்தில், எதிர்த் தெரு எதில் என்று வரைபடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, கேள்வி. கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம். குடிநீரும் பாதாளச் சாக்கடையும் தனி வாரியத்தின் பொறுப்பு, மின்சாரம் வேறு கம்பெனி. குப்பை, தெருவிளக்கு, மழைநீர்க் கால்வாய், மாநகராட்சிப் பள்ளி, சுடுகாடு, சந்தை ஆகியவை மாநகராட்சியுடையவை. 3 லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரத்தில் வட்டக் குழு இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. அந்தக் கூட்டங்களுக்கு நம் பெண்கள் போகட்டும். தண்ணீருக்குக் காத்திருப்பவரும் குப்பை வண்டியைத் துரத்துபவரும் அவர்கள்தான். இடங்களில் பாதி பெண்களுக்கென்று ஆன பிறகும் கணவனைப் பின்னால் நிறுத்தி ஆளும் வழக்கம் நம் தெருவில் வேண்டாம்.

தேர்தல் என்று வந்தாலும், அது எத்தனை முறை தள்ளிப்போனாலும், நம் வேலை இன்றே தொடங்க முடியும். அடுத்த முடிவு வெளியாகும் நாளில் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்று எண்ணுவதோடு நில்லாமல், நம் தெருவில் எத்தனை பேர் வாக்களித்தோம் என்பதையும் எண்ணுவோம்.

உழைக்கும் ஊரே நம் ஊர்! வாழும் இடமே நம் வாக்கு!