விளையாட்டின் விலை: கிரயமா, வாடகையா?

எழுபதைத் தாண்டியவனுக்கு வீடியோ கேமைப் பற்றி என்ன கருத்து இருக்க முடியும் என்று நண்பர்கள் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பேரன் இருக்கும் வீட்டில் பணத்தை எண்ணிக் கொடுப்பவன் நான். விலையைப் பற்றிப் பேச அந்தத் தகுதி போதும்.

பேரன் கேட்டது ஒரு ஜப்பானியக் கம்பெனியின் பிளேஸ்டேஷன் 5 விளையாட்டு. ஒரே ஒரு தட்டு, விலை 4,999 ரூபாய். அதை ஓட்டும் பெட்டிக்குத் தனிக் காசு. 2021 பிப்ரவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோதே பெட்டியின் விலை 49,990 ரூபாய். திருமுருகன்பூண்டியில் எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகள் பனியன் கம்பெனி வேலையை நம்பி நடப்பவை. சனிக்கிழமை சம்பளம் வந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு. பக்கத்து வீட்டுத் தம்பி ஓவர்லாக் மிஷினில் உட்காருபவர். விலையைக் கேட்டதும், "ஏனுங்கய்யா, ஒரு வாரச் சம்பளத்தை ஒரு தட்டே முழுங்கீருமாட்ட இருக்குதுங்களே" என்றார். அவருக்கும் என் பேரன் வயதில் ஒரு பையன் இருக்கிறான்.

சுங்கவரி, 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று இங்கே ஏறுகிற சுமை ஒருபுறம் இருக்கட்டும். பிறந்த ஊரான ஜப்பானிலேயே இந்தச் சரக்கு மலிவாக இருந்ததில்லை.

நின்டெண்டோ கம்பெனி 1983-இல் ஃபேமிகாம் என்ற பெட்டியை 14,800 யென்னுக்கு விற்றது. 1990-இல் வந்த சூப்பர் ஃபேமிகாம் 25,000 யென். உண்மையான சுமை அதற்குப் போடும் கேசட்டில் இருந்தது. 1994 ஏப்ரலில் வந்த ஃபைனல் ஃபேன்டசி 6 விளையாட்டின் விலை 11,400 யென். அடுத்த ஆண்டு வந்த டிராகன் குவெஸ்ட் 6 விளையாட்டுக்கும் அதே 11,400. இரண்டு கேசட் வாங்கும் பணத்தில் ஏறக்குறைய ஒரு பெட்டியே வாங்கிவிடலாம்! 1994-இன் மாற்று விகிதப்படி ஒரு கேசட் சுமார் 3,400 ரூபாய். குமாஸ்தாவாக இருந்த எனக்கு அது கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம்.

ஏன் இவ்வளவு? கேசட் என்று பெயர்தானே தவிர, உள்ளே இருந்தது நாடா இல்லை, சிப். விளையாட்டு பெரிதானால் சிப்பும் பெரிதாக வேண்டும், செலவும் ஏறும். அந்தக் கேசட்டை மற்றக் கம்பெனிகள் தாமே செய்துகொள்ளவும் முடியாது. நின்டெண்டோவிடம் முன்பணம் கட்டி மொத்தமாகச் செய்து வாங்க வேண்டும். 1994 டிசம்பரில் சோனி தன் பிளேஸ்டேஷனோடு களத்தில் இறங்கி, விளையாட்டைச் சி.டி.யில் போட்டது. சி.டி. அச்சடிக்கச் சில்லறைக் காசு போதும். 1997 ஜனவரியில் ஃபைனல் ஃபேன்டசி 7 அந்தச் சி.டி.யில் 6,800 யென்னுக்கு வந்தது. முந்தையதைவிடப் பெரிய விளையாட்டு, விலையோ ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைவு.

செய்கூலியால் ஏறும் விலை ஒருநாள் இறங்கிவிடும் என்பதற்கு இது சாட்சி. இறங்காத விலை வேறொன்று இருக்கிறது. அது யார் வாங்குகிறார்கள் என்று முகத்தைப் பார்த்து வைக்கிற விலை. 2025 ஜூனில் நின்டெண்டோ தன் ஸ்விட்ச் 2 பெட்டியை ஜப்பானில் இரண்டு விலையில் விற்றது. ஜப்பானிய மொழி மட்டும் தெரிந்த பெட்டி 49,980 யென், பல மொழி தெரிந்த பெட்டி 69,980 யென். யென் மதிப்பு விழுந்து கிடந்த நேரம் அது. உள்ளூர்க்காரனுக்கு விலை கட்டுப்படியாக வேண்டும், வெளிநாட்டான் அதே மலிவு விலையில் அள்ளிக்கொண்டு போய்விடவும் கூடாது. அதற்கு மொழியையே வேலியாகப் போட்டுவிட்டார்கள்.

சரி, கேசட் 11,400 யென் விற்ற நாளில் ஜப்பானியப் பிள்ளைகள் எப்படித்தான் வாங்கினார்கள்? விளையாடி முடித்ததும் பழைய சாமான் கடையில் விற்றார்கள், கிடைத்த காசோடு கொஞ்சம் சேர்த்து அடுத்ததை வாங்கினார்கள். கையில் காசு குறைந்த பிள்ளை அந்தப் பழைய கேசட்டைப் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டது. புக் ஆஃப், கியோ போன்ற கடைகள் இந்த வியாபாரத்தில் நாடெங்கும் கிளைவிட்டன.

கம்பெனிகளுக்கு இது பிடிக்கவில்லை. தன் விளையாட்டுகளைக் குறித்த விலைக்குக் குறைத்து விற்கக் கூடாது, பழையதை வாங்கி விற்கவும் கூடாது என்று கடைகளுக்குச் சோனி நிபந்தனை போட்டது. அது சட்ட விரோதம் என்று ஜப்பானின் நியாய வணிக ஆணையம் 2001-இல் முடிவு சொன்னது. பழைய விளையாட்டு விற்கும் கடைகள் மீது விளையாட்டுக் கம்பெனிகள் போட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. அங்கே கம்பெனிகள் வைத்த வாதம் சுவையானது. வீடியோ கேம் என்பது சினிமா மாதிரி, படப்பெட்டி எந்தக் கொட்டகைக்குப் போக வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் முடிவு செய்வது போல இதிலும் விநியோக உரிமை எங்களுக்கே என்றார்கள். 2002 ஏப்ரல் 25-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. சினிமா போன்ற படைப்புத்தான், ஆனால் ஒருமுறை கடையில் விற்றுவிட்டால் அந்தப் பிரதியின் மீது உங்கள் விநியோக உரிமை தீர்ந்தது என்றது நீதிமன்றம். வாங்கியவன் அதை விற்கலாம்.

எனக்கு இந்தத் தீர்ப்பு மிகவும் பிடித்தது. புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். பாடப்புத்தகங்கள் பாரீசிலிருந்து கப்பலில் வரும், யானை விலை. புதுப்புத்தகம் வாங்கிப் படித்தவர்கள் எங்கள் வகுப்பில் இரண்டு பேர்தான். மற்ற எல்லோரும் மேல்வகுப்பு அண்ணன்களிடம் பாதி விலைக்கோ கால் விலைக்கோ வாங்கியவர்கள். என் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எனக்கு முன்னால் நான்கு பெயர்கள் இருந்தன. ஐந்தாவதாக என் பெயரை எழுதிப் படித்துவிட்டு ஆறாவது பையனுக்குக் கொடுத்தேன். அந்த விலையைப் போட்ட பாரீஸ்காரனுக்குப் புதுச்சேரி குடும்பங்களின் வருமானம் தெரியாது. கைமாறிக் கைமாறி அந்த விலையை எங்கள் அளவுக்கு நாங்களே இறக்கிக்கொண்டோம்.

திருப்பூரில் இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளிநாட்டுக் கடையில் பெரிய விலைச்சீட்டோடு தொங்க வேண்டிய பனியன், ஒரு தையல் பிசகினால் காதர்பேட்டையில் செகண்ட்ஸாக நூறு இருநூறுக்கு விற்கிறது. மேல் விலை எவ்வளவு போனாலும் கீழே ஒரு சந்தை திறந்திருக்கும் வரை இல்லாதவனுக்கும் சட்டை உண்டு.

இப்போது வீடியோ கேமில் அந்தக் கீழ்ச்சந்தைக்குத்தான் பூட்டுப் போடுகிறார்கள். பிளேஸ்டேஷன் 5 பெட்டியிலேயே தட்டுப் போடும் வாய் இல்லாத ரகம் ஒன்று உண்டு. பெட்டி விலை குறைவு. ஆனால் அதன்பின் எல்லா விளையாட்டையும் கம்பெனியின் இணையக் கடையில்தான் இறக்கிக்கொள்ள வேண்டும். அங்கே 'வாங்கு' என்று பொத்தான் இருக்கும். அழுத்திப் பணம் கட்டிய பிறகு நம் கையில் இருப்பது விளையாடுவதற்கான ஓர் அனுமதி மட்டுமே. விற்க முடியாது, பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவும் முடியாது. ஸ்விட்ச் 2-இல் குடும்பத்துக்குள் இரண்டு வாரம் இரவல் கொடுக்கலாம் என்று ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் குடும்பத்தில் சேர்த்தி இல்லை.

நான் பதிவுத்துறையில் எழுத்தராக இருந்தவன். கிரயப் பத்திரம் வேறு, போக்கியம் வேறு, வாடகைச் சீட்டு வேறு. கிரயத் தொகையை வாங்கிக்கொண்டு வாடகைச் சீட்டை நீட்டுபவனை எங்கள் அலுவலகத்தில் என்ன பெயர் சொல்லி அழைப்போம் என்று இங்கே எழுதவில்லை.

பிரான்சில் இதே கேள்வி நீதிமன்றம் ஏறியது. 'க ஷுவாசீர்' என்ற நுகர்வோர் சங்கம், ஸ்டீம் என்ற இணையக் கடையை நடத்தும் அமெரிக்கக் கம்பெனி வால்வ் மீது வழக்குப் போட்டது. நாங்கள் விற்பது 'ஆபோன்மான்', அதாவது சந்தா என்றது கம்பெனி. 2019 செப்டம்பரில் பாரீஸ் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம் என்றது. 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. வீடியோ கேம் வெறும் மென்பொருள் அல்ல, படமும் இசையும் கலந்த படைப்பு, மென்பொருளுக்கான மறுவிற்பனை விதி இதற்குப் பொருந்தாது என்றது. 2024 அக்டோபரில் பிரான்சின் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கையில் பிடிக்கும் கேசட்டாக இருந்தபோது டோக்கியோவில் வாங்கியவனுக்குக் கிடைத்த உரிமை, காற்றில் இறங்கும் சரக்காக மாறியபின் பாரீசில் கிடைக்கவில்லை.

அனுமதிதான் என்றால் அதைத் திரும்பப் பெறவும் முடியும். யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சுக் கம்பெனி 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று அணைத்தது. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் அன்றோடு விளையாட்டு இல்லை. எங்கள் திருமுருகன்பூண்டியும் வழிப்பறிக்குப் பெயர் போன ஊர்தான். சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னையெல்லாம் சுந்தரர் இங்கேதான் பறிகொடுத்தார். ஆனால் பறித்தவன் சிவபெருமான். பாடிய பாட்டுக்கு அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

கம்பெனிகள் பக்கமும் நியாயம் உண்டு. பெரிய விளையாட்டு ஒன்றை நூற்றுக்கணக்கானவர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்குகிறார்கள். பழைய தட்டு பத்துக் கை மாறினாலும் அவர்களுக்குப் பத்துப் பைசா வராது. இணையக் கடையில் தள்ளுபடிக் காலங்களில் விலை பாதிக்குக் கீழே இறங்குவதும் உண்மை. ஆனால் தள்ளுபடி என்பது கடைக்காரன் மனம் வைத்தால் கிடைப்பது. மறுவிற்பனை வாங்கியவனின் உரிமை. முதலாளி தீபாவளிக்குக் கொடுக்கும் இனாமும் தொழிலாளி பேசி வாங்கும் போனசும் ஒன்றல்ல என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

என் கோரிக்கை சிறியது. விலையைக் குறையுங்கள் என்று கேட்கவில்லை. வாடகை என்றால் வாடகை என்று பொத்தானில் எழுதுங்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல், அனுமதியைத்தான் விற்கிறோம் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று போடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அதன் கீழ் இப்படி ஒரு விதி கொண்டுவர எந்தப் பட்ஜெட்டிலும் பணம் ஒதுக்க வேண்டியதில்லை. விதி வந்தபின் 4,999 ரூபாய் கிரயத்துக்குக் கொடுப்பதா, வாடகைக்குக் கொடுப்பதா என்று வீட்டுக்கு வீடு கணக்குப் போட்டுக்கொள்வார்கள். வாடகைக்கு யாரும் கிரயத் தொகை கொடுக்க மாட்டார்கள். விலை தானே இறங்கும்.

அதுவரை, பேரப்பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டி வாங்கும்போது தட்டுப் போடும் வாய் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சில ஆயிரம் கூடுதல்தான். எங்கள் வீட்டில் அப்படித்தான் வாங்கினோம். பேரன் அந்தத் தட்டை இரண்டு மாதம் விளையாடி முடித்துவிட்டான். பெட்டி ஒன்றுதான் என்பதால் பள்ளிக்கூடம் விட்டதும் பக்கத்து வீட்டுப் பையன் இங்கே வந்து அதே தட்டைப் போட்டு முதல் கட்டத்திலிருந்து ஆடுகிறான். அவன் முடித்ததும் திருப்பூரில் ஒரு கடையில் 2,500 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பணம் அடுத்த தட்டுக்கு.