அறியா மொழியில் முறை கேட்பதோ?

கால்சிலம்பு ஒன்றைக் கையிலேந்திப் பாண்டியன் அவையில் நின்ற கண்ணகி தன் வழக்கைத் தானே எடுத்துரைத்தாள். மன்னன் கேட்டதும் தமிழ். அவள் உரைத்ததும் தமிழ். பிழை கண்டு அவன் துடித்ததும் தமிழில். இன்று அத்தகைய ஒரு தமிழ்ப்பெண் மதுரைக்குத் தன் நிலவழக்கோடு வந்தால், உயர் முறைமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு மூலையில் நின்று, தன் நிலத்தைப் பற்றித் தனக்குத் தெரியாத மொழியில் பிறர் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வென்றாளா தோற்றாளா என்பதைக் கூட, வெளியே வந்தபின் வழக்கறிஞரின் எழுத்தர் சொல்லித்தான் அவள் அறிதல் வேண்டும்.

இது ஏதோ பழக்கத்தால் நேர்ந்த குறை அன்று. சட்டத்தால் கட்டப்பட்ட குறை. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆம் பிரிவு, உச்ச முறைமன்றத்திலும் எல்லா உயர் முறைமன்றங்களிலும் நடவடிக்கைகள் ஆங்கிலத்திலேயே நடைபெறல் வேண்டும் என்கிறது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு ஒரு சிறு கதவைத் திறந்து வைத்துள்ளது. குடியரசுத் தலைவரின் முன்னிசைவைப் பெற்று, மாநில ஆளுநர் அம்மாநிலத்தின் ஆட்சிமொழியை உயர் முறைமன்ற நடவடிக்கைகளில் வழங்க ஒப்பலாம். 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, ஆங்கில மொழிபெயர்ப்போடு தீர்ப்பையும் அம்மொழியிலேயே வழங்க வழி செய்கிறது.

அக்கதவு வழியே நுழைந்தவர் யாவர்? இராசத்தான் 1950-இல் நுழைந்தது, உத்தரப்பிரதேசம் 1969-இல், மத்தியப்பிரதேசம் 1971-இல், பீகார் 1972-இல். நான்கும் இந்தி மாநிலங்கள். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006 திசம்பரில் தமிழை உயர் முறைமன்ற மொழியாக்கத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பியது. தமிழுக்குக் கிடைத்தது மறுப்பு. குசராத்து, சத்தீசுகர், மேற்கு வங்காளம், கருநாடகம் ஆகியவற்றின் வேண்டுகைகளோடு தமிழ்நாட்டின் வேண்டுகையையும் சேர்த்து, 2012 அக்தோபரில் உச்ச முறைமன்ற நடுவர் அனைவரும் கூடித் தள்ளிவிட்டனர்.

உச்ச முறைமன்றம் இதில் எங்கிருந்து வந்தது என்று கேட்பார் கேட்கலாம். 348-ஆம் பிரிவில் தலைமை நடுவரின் இசைவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1965-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் நடுவண் அமைச்சரவைக் குழு ஒன்று, இத்தகைய வேண்டுகைகளில் இந்தியத் தலைமை நடுவரின் இசைவைப் பெறுதல் வேண்டும் என முடிவு செய்தது, அவ்வளவே. தமிழ்நாட்டு மாணவர் இந்தித் திணிப்பை எதிர்த்துக் குருதி சிந்திய அதே ஆண்டு அது! அமைச்சர் சிலர் கூடி எடுத்த ஒரு முடிவு, அரசமைப்புச் சட்டம் ஆளுநர்க்கும் குடியரசுத் தலைவர்க்கும் தந்த அதிகாரத்தின்மேல் ஏறி அமர்ந்திருக்கிறது. அம்முடிவிற்குப் பின்னரும் மூன்று இந்தி மாநிலங்கட்கு வழி கிடைத்தமை கருதத்தக்கது.

மொழி மாறினால் என்ன, முறை மாறுமோ என்பர் சிலர். மாறும். சான்றாளர் கூட்டில் ஏறி ஓர் உழவர், "உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் சொன்னான்" என்கிறார். அது காப்பேன் என்பதா, கருவறுப்பேன் என்பதா? சொன்னவன் குரலும் சூழலும் அறிந்த தமிழர்க்கு ஐயமே எழாது. ஆங்கிலத் தாளில் அது இரண்டில் ஒன்றாகத்தான் இறங்கும். எதுவாக இறங்குகிறதோ அதற்கேற்ப ஒருவர்க்குச் சிறையும் ஒருவர்க்கு விடுதலையும் அமையலாம். பெரியப்பன், சிற்றப்பன், தாய்மாமன், அத்தையின் கணவன் ஆகிய நால்வரும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடைபடுவர். குடும்பச் சொத்தைப் பங்கிடும் வழக்கில் இந்நால்வரும் ஒருவரோ? ஒத்திக்கும் அடைமானத்துக்கும், வாரத்துக்கும் குத்தகைக்கும் உள்ள வேறுபாட்டை ஊரில் எழுத்தறியா மூதாட்டியும் அறிவாள். ஆங்கிலத் தீர்ப்புகளோ புறம்போக்கு என்பதற்கு நிகர்ச்சொல் காணாமல், அச்சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதிவைக்கின்றன. தமிழ்ச்சொல் இல்லாமல் ஆங்கிலம் நடவாத இடத்திலும் தமிழ் நுழைதல் கூடாதாம்.

பொருட்செலவு இதற்கு மேல். கீழ் முறைமன்றத்தில் தமிழில் அளித்த சான்றுரையும் தமிழில் எழுதிய ஆவணமும் மேல்முறையீட்டிற்குச் செல்லும்போது ஆங்கிலமாக வேண்டும். மொழிபெயர்ப்புக் கூலியையும் தட்டச்சுக் கூலியையும் தருவது வழக்காடும் ஏழையே.

ஆளுக்குப் புரியாத மொழியில் ஆணை தருதல் ஆணையே ஆகாது என்பதை உச்ச முறைமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 1962-இல் மராட்டிய மாநில வழக்கொன்றில், தடுப்புக்காவலில் வைக்கப்பட்ட ஒருவர்க்குக் கரணியங்கள் ஆங்கிலத்தில் தரப்பட்டன. தமக்கு ஆங்கிலம் தெரியாதென்று அவர் மொழிபெயர்ப்புக் கேட்டார். வாயால் விளக்கப்பட்டது, ஆட்சிமொழி ஆங்கிலமே என்று அரசு கைவிரித்தது. அது போதாது, அவர் அறிந்த மொழியில் தந்தால்தான் அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு நிறைவேறும் என்று கூறி அவரை விடுவித்தது அம்மன்றம். 1981-இல் குசராத்தி மட்டுமே அறிந்த ஒருவர் வழக்கிலும் இதுவே முடிவாயிற்று. சிறையிலிடும் தாள் ஒருவர்க்குப் புரிதல் வேண்டுமானால், சிறையிலிருந்து விடுவிக்க மறுக்கும் தீர்ப்பு மட்டும் ஏன் புரிதல் வேண்டா?

ஆங்கிலேயரைப் பார்ப்போம். அவர்தம் நாட்டில் ஒருகால் வழக்குரை பிரெஞ்சில் நடந்தது. பதிவு இலத்தீனில் இருந்தது. தமக்காகவும் தமக்கெதிராகவும் பேசப்படுவது மக்களுக்கு விளங்கவில்லை என்பதால், வழக்குரை ஆங்கிலத்தில் நிகழ 1362-இல் சட்டம் செய்தனர். இலத்தீனை விலக்கியது 1731-ஆம் ஆண்டுச் சட்டம். தம் வீட்டில் பிறமொழியை ஓட்டியவரின் மொழியை நம் வீட்டில் காவல் வைத்திருக்கிறோம்.

அண்மைக் கொடுமை ஒன்றும் உண்டு. 2023 திசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த மூன்று குற்றவியல் சட்டங்களின் பெயர்கள் பாரதிய நியாய சன்கிதா, பாரதிய நாகரிக் சுரட்சா சன்கிதா, பாரதிய சாட்சிய அதிநியம் என்பன. 1860-ஆம் ஆண்டு வெள்ளையன் சட்டத்தை நீக்கி அடிமைத்தளை அறுத்தோம் என்று மார்தட்டுகின்றனர். சட்டங்களின் சான்றுடைய வாசகம் ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும் என்று அதே 348-ஆம் பிரிவு கூறுகிறதே. தமிழ் கேட்டால் குறுக்கே நிற்கும் அப்பிரிவு, சமற்கிருதம் வந்தால் மட்டும் ஒதுங்கி வழிவிடுவது எப்படி? தமிழ்நாட்டுக் காவல் நிலையத்தில் குற்றம் பதியும் காவலர்க்கே அப்பெயர் நாவில் புரளவில்லை.

நடுவர்கள் பிற மாநிலங்களிலிருந்து வருகின்றனர், அவர்க்குத் தமிழ் தெரியாது என்பது மறுப்போர் கூறும் பெரிய கரணியம். மாவட்ட ஆட்சியராக வரும் வடநாட்டார் தமிழ் கற்றுத் தேர்வெழுதித்தானே பணி செய்கின்றனர்? ஆட்சியர்க்கு இயல்வது நடுவர்க்கு இயலாதோ? சட்டச் சொற்கள் தமிழில் இல்லை என்பது மற்றொன்று. அதற்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே விடை கிடைத்துவிட்டது. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகர், அந்நாளைய மேல்மன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து அச்சிட்டார். அவர் நூலின் பெயர் வடசொல்லாயினும் செயல் தமிழ்ச்செயல். ஆட்சிச் சொல்லகராதி 1957-இலேயே வெளிவந்தது. வக்கீல் வழக்கறிஞர் ஆனதும் கலெக்டர் ஆட்சியர் ஆனதும் வழங்கி வழங்கித்தான். அகராதியில் உறங்கி அல்ல.

தில்லியை மட்டும் குறைகூறி அமைதலும் ஆகாது. தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்தது. 1976-ஆம் ஆண்டின் திருத்தம் கீழ்மன்றங்களின் தீர்ப்பும் ஆணையும் தமிழில் அமைய வழிவகுத்தது. அதற்குக் குடியரசுத் தலைவரின் வாயிலில் நிற்க வேண்டுவதில்லை. அவ்வாறிருந்தும் மாவட்ட மன்றங்களில் ஆங்கில முறையீடுகள் குவிகின்றன. கட்சிக்காரன் தமிழன், வழக்கறிஞர் தமிழர், நடுவர் தமிழர். நடுவே தாள் மட்டும் ஆங்கிலம்! ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்னும் மயக்கமும், பழைய படிவத்தில் பெயரை மட்டும் மாற்றித் தட்டச்சிடும் சோம்பலுமே இதற்குக் கரணியம்.

சட்டமன்றத் தீர்மானத்தைத் தமிழ்நாட்டரசு மீண்டும் நிறைவேற்றி அனுப்புவதோடு, 1965-ஆம் ஆண்டு அமைச்சரவைக் குழு முடிவைக் கைவிடுமாறு நடுவணரசை வற்புறுத்தல் வேண்டும். கீழ்மன்றங்களில் தமிழ்த் தட்டச்சரையும் தமிழ்ச் சட்டநூல்களையும் குறைவின்றித் தருதல் அதன் கையிலேயே உள்ளது. வழக்குடைய தமிழர் ஒவ்வொருவரும் வழக்குரிமைத் தாளில் கையெழுத்திடுமுன், "என் முறையீட்டைத் தமிழில் எழுதுவீர்களா?" என்று தம் வழக்கறிஞரைக் கேட்கட்டும். கீழ்மன்றத்தில் அதற்குச் சட்டத்தடை ஏதும் இல்லை.