குறிப்பேடு போனது, புலனம் வந்தது

தொழில்நுட்பம் நம் வாழ்க்கையை எளிதாக்கிவிட்டது என்கிறோம். உண்மைதான். ஆனால், எளிமையாக்கியதா? எளிது வேறு, எளிமை வேறு. இவ்வேறுபாட்டை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்தாலே போதும்.

முன்பு அதற்கென ஒரு சிறு குறிப்பேடு இருந்தது. ஆசிரியர் பலகையில் எழுதுவார், மாணவர் பார்த்து எழுதிக்கொள்வார், பெற்றோர் கையொப்பமிடுவார். அவ்வளவுதான். அந்த இரண்டு வரிகளுக்குள் கவனித்தல், எழுதுதல், நினைவில் வைத்தல், பொறுப்பேற்றல் ஆகிய நான்கு பயிற்சிகள் அடங்கியிருந்தன. எழுத மறந்தவன் நண்பனின் வீட்டுக்குப் போய்க் கேட்டு வருவான். மறதிக்கு விலை உண்டு என்பதையும் அவனே கற்றுக்கொண்டான்.

இன்று வகுப்புக்கு ஒரு புலனக் குழு. இரவு பத்து மணிக்கு, "டீச்சர், நாளைக்கு எந்தப் புத்தகம்?" என்று ஒருவர் கேட்கிறார். விடைக்குக் கீழே முப்பது நன்றிகள். மறுநாள் காலை வணக்கப் பூக்களுக்கு அடியில் அந்த விடையும் புதைந்து போகிறது. மீண்டும் அதே கேள்வி! "குறித்துக்கொள்" என்று வகுப்பில் சொன்னால், "அம்மாவுக்கு அனுப்பிவிடுங்கள், டீச்சர்" என்கிறான் மாணவன். வீட்டுப்பாடம் இப்போது பிள்ளையுடையது அன்று, அம்மாவுடையது.

புலனத்தின் பயனை மறுப்பது நன்றிகெட்ட செயலாகும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பல குடும்பங்களோடு நம்மை இணைத்தது அதுதான். ஒரே கைப்பேசி உள்ள வீட்டில், தந்தை வேலை முடிந்து வந்த பிறகே பிள்ளை பாடத்தைப் பார்த்தது. வெள்ளக் காலத்திலும் அவசர அறிவிப்புக்கு இதைவிட விரைவான வழி இல்லை. ஆயினும், நோய்க்கு உண்ட மருந்தையே அன்றாட உணவாக்கிக்கொள்வது முறையாகுமா?

ஆசிரிய நண்பர்களே, வீட்டுப்பாடத்தைப் பிள்ளைகளையே எழுதச் செய்வோம். படிநிலை ஒன்று மாணவருக்கும் இரண்டு சொற்கள் எழுதக் கை உண்டு. நடத்துநர் மட்டுமே செய்தி அனுப்பும் வசதி 2018 முதல் புலனத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி, குழுவை அவசரச் செய்திக்கு மட்டும் என ஒதுக்குவோம்.

பெற்றோர்களே, மாலையில் கைப்பேசியைத் திறக்குமுன் பிள்ளையின் பையைத் திறந்து பாருங்கள். "இன்று என்ன பாடம்?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். எழுதி வரவில்லையென்றால், மறுநாள் ஆசிரியரிடம் அதனை அவனே சொல்லட்டும். ஒருமுறை வெட்கப்பட்டால் குறைந்துவிட மாட்டான்.

கருவி நம் வேலையைச் செய்யட்டும். பிள்ளை கற்க வேண்டிய வேலையையும் அதனிடம் கொடுத்துவிட வேண்டா.